விதைக்காட்டில் பூ இல்லை

மூன்று நாட்களாக எங்கள் சோல்கோல் கிராமத்தை மூடியிருந்த பனிமூட்டம், ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் முற்பகலில் விலகியபோது, எதிர்ச் சரிவிலிருந்த ஹாம் யோங்சுவின் உருளைக்கிழங்குக் காட்டில் வெள்ளை நிறம் முழுவதுமாகக் காணாமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தக் காடு கொள்ளாமல் பூத்திருந்ததை என் சன்னலிலிருந்து பார்த்திருந்தேன். ஆகவே முதலில் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு சன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டும் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

இருபத்தாறு ஆண்டுகள் இவ்வூர்க் கிளைப்பள்ளியில் ஆசிரியனாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பின்னும் போக மனமின்றிப் பள்ளிக்குக் கீழேயே தங்கிவிட்டவன் நான். தேகுவல்யோங் கணவாயை ஒட்டிய எங்கள் மலையில் குளிர் அதிகம். நோய் பரப்பும் அசுவினிப் பூச்சி குறைவு. எனவே இங்கு விளையும் கிழங்கில் நோய் இராது என்று நாடு முழுவதும் விதைக்காக வாங்கிக்கொள்கிறார்கள். சோல்கோலில் விதைக்காடு வைத்திருப்பவன் நிமிர்ந்து நடப்பான். அது இல்லாதவன் முட்டைக்கோஸ் போடுவான். அதுவும் தோற்றால் மலையிறங்கி ஜொங்சன் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போவான்.

ஓடையைத் தாண்டி மேலே ஏறினேன். யோங்சுவின் மனைவி ஓக்புன் மண் அணைத்த வரிசைகளில் கடைசிப் பாரில் குனிந்து நின்று, இரண்டு கைகளாலும் பூங்கொத்துகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாத்தியாரய்யா. இன்னும் பத்து செடிதான். அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"என்னம்மா செய்கிறாய்?"

"பூ கிள்ளறேன். மூணு நாளா இதே வேலைதான். இடுப்பு போச்சு." அவள் நிமிர்ந்து சிரித்தாள். "எல்லாம் உங்க கதைதான். அந்த அக்கா தங்கச்சி கதை."



சென்ற பனிக்காலத்தில், பகல் பொழுதுகளில், ஊர்ப் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தேன். எழுத்துக்கு நடுவே ஒரு கதை சொல்வது என் வழக்கம். உருளைச் செடிக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பூ, மேலே காற்றாட, பட்டுடுத்தி நிற்பாள். இளையவள் கிழங்கு, கீழே சேற்றில் கிடப்பாள். தாயிடம் இருப்பதோ ஓர் அகப்பை கஞ்சி. ஊரார் கண்ணில் படுபவள் மூத்தவள் என்பதால் தாய் அவளுக்கே முதலில் ஊற்றுவாள்; இளையவள் அரைவயிற்றோடு தூங்குவாள். திருமணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் இருப்பதையெல்லாம் இறைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போடும் குடும்பங்களை எண்ணி நான் அதைச் சொன்னேன். ஓக்புன் அதை உருளைக்கிழங்கு பற்றிய பாடமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எங்க ஊர்லயும் அம்மா கிள்ளிப் போடும்" என்றாள். அவள் ஜொங்சன் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவள். "குடிசைக்குப் பின்னால ரெண்டு பாரு இருக்கும். பூ எடுத்தா கிழங்கு முஷ்டி முஷ்டியா வரும்னு சொல்லும். நீங்களும் அதையே சொன்னீங்களா, சரி, ரெண்டு பேரும் சொல்றாங்கன்னா உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் விடை சொல்வதற்குள் யோங்சு மலைப்பாதையில் ஏறி வந்தான். கடற்கரை ஊரில் பெரியப்பாவின் சாவுக்குப் போயிருந்தவன், வைக்கோலில் கட்டிய உப்புக் கானாங்கெளுத்தி இரண்டைக் கையில் தொங்கவிட்டிருந்தான். காட்டின் விளிம்பை எட்டியதும் நின்றான். மீன் அவன் கையிலிருந்து மண்ணில் இறங்கியது.

"ஓக்புன், ஆலங்கட்டி மழை பேஞ்சுதா?"

"இல்லீங்களே. வெறும் பனிமூட்டந்தான்."

"அப்ப பூ எங்க?"

"நான்தான்…" என்று தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்ததும் மடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கிழங்கு பெருக்கட்டும்னு."

யோங்சு பாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இயல்பாகவே பேச்சு குறைந்தவன். பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் அவன் பேசி அன்றுதான் கேட்டேன்.

"திங்கக்கிழமை பரிசோதகர் வர்றாரு. பூவப் பாத்துதான் காட்ட ஒத்துக்குவாரு. நம்ம விதைக்கு வெள்ளைப் பூ. எங்கப்பா காலத்து ஊதாக் கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ள கெடந்து அங்கங்க மொளைக்குது. அதுக்கு ஊதாப் பூ. பூ வந்தப்புறம் ஊதாவ மட்டும் வேரோட புடுங்கிடணும். அதுக்குத்தான் சாவு வீட்ல கூட மூணாம் நாளே கெளம்பி ஓடி வந்தேன். இப்ப எது ஊதா, எது வெள்ளைன்னு யாருக்குத் தெரியும்? போன வருஷம் ஊதா கலந்திருந்துதுன்னுதான் தள்ளிட்டாங்க. இந்த வருஷமும் தள்ளுனா விதைக்காட்டுப் பட்டியல்ல இருந்தே பேர எடுத்துருவாங்க."

"இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஊருக்கே தெரியுமே."

"போன வருஷம் இதே மாசம் நான் எங்கப்பா சாவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப 'ஒத்துக்கல'ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னீங்க. ஏன்னு கேட்டேன். 'விடு'ன்னீங்க. நான் விட்டுட்டேன்."

அது உண்மைதான். அவள் தந்தை சுரங்கத்தின் கூரை சரிந்து இறந்தார். அதற்கு முன்பே, சுரங்கத்துக்குப் போகாத ஆளாகப் பார்த்துத்தான் அவள் இந்தக் குளிர் மலைக்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

"சாவு வீட்ல அண்ணனப் பாத்தேன்" என்றான் யோங்சு, தரையைப் பார்த்தபடி. ஒன்றுவிட்ட அண்ணன் ஜொங்சனில் மேற்பார்வையாளர். "மாசக் கடைசி வரைக்கும் ஒரு எடம் வச்சிருக்காராம். காடு போச்சுன்னா வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஓக்புன் மடியிலிருந்த பூக்களைக் கீழே கொட்டினாள். அத்தனையும் வெள்ளை.

"ஊதா இருந்துதா?" என்றான் அவன்.

"இருந்துது. அழகா இருக்கேன்னு கூட நெனச்சேன்."

"எங்க?"

அவள் காட்டைப் பார்த்தாள். நாற்பது பார்கள், எல்லாம் ஒரே பச்சை. "அந்தப் பாறைக்குக் கிட்ட… இல்ல, அது ரெண்டாம் நாளு. பனிமூட்டத்துல ஒண்ணும் தெரியல. கைக்கு வந்தத கிள்ளிட்டே போனேன்."

முந்தைய நாட்களில் கிள்ளிய பூக்களை அவள் கொட்டியிருந்த எருக்குழிக்கு ஓடினோம். மூன்று நாள் ஈரத்தில் கிடந்த பூக்கள் வெந்த கீரையாகிக் கிடந்தன. வெள்ளையும் ஊதாவும் ஒரே பழுப்பு நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. யோங்சு ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தான். எதற்கு முகர்ந்தான் என்பது அவனுக்கே விளங்கியிராது.

அப்போது பக்கத்து முட்டைக்கோஸ் காட்டிலிருந்து தொக்மான் அம்மா வந்தாள். எதிலும் தனக்கொரு கருத்து இல்லாதிருப்பது அவளால் தாங்க முடியாத ஒன்று.

"என்ன புதுப்பொண்ணு, கல்யாணமாயி ரெண்டு வருஷத்துல காட்டையே மொட்டையடிச்சிட்டியா? நான் அன்னிக்கே வேணான்னேன்."

"அக்கா! செவ்வாக்கெழம காலைல நீங்களும் கூட நின்னு மூணு பாரு கிள்ளுனீங்களே!"

"நானா? நான் எங்க கிள்ளுனேன்? ஒன்னோட பேசிக்கிட்டு நின்னேன். கை சும்மா இருக்காதேன்னு ஏதோ…"

"சரி, பூ எடுத்தா கிழங்கு பெருக்குமா, பெருக்காதா?" என்று நான் கேட்டேன். ஆசிரியனாக இருந்தவனுக்கு எந்த இடிபாட்டின் நடுவிலும் கேள்வி கேட்கத் தோன்றும்.

"பெருக்கும். எங்க மாமியா எடுக்கும்" என்றாள் தொக்மான் அம்மா. ஒரு கணம் யோசித்தாள். "ஆனா ஒரு வருஷம் எடுத்தப்ப எல கொழுத்துப் போயி கிழங்கு கோலிக்குண்டாட்டம் இருந்துது. செடிக்குக் கோவம் வந்துடும்ல. அடுத்த வருஷம் எடுக்கல. அப்பவும் கோலிக்குண்டுதான்."

கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் செடியே போய்விடும் என்பதால் அன்று மாலையும் மறுநாள் முழுவதும் தண்டுகளைப் பார்த்தோம். ஊதா இனத்துக்குத் தண்டிலும் ஊதா ஓடும் என்று யோங்சு சொன்னான். முதல் பாரில் நான்கு செடிகளை உறுதியாகக் கண்டான். மூன்றாம் பாரில் எல்லாச் செடிகளின் அடித்தண்டிலும் ஊதா தெரிந்தது. பத்தாம் பாரில் எதிலுமே தெரியவில்லை. திரும்பி முதல் பாருக்கு வந்தால் அந்த நான்கும் பச்சையாக நின்றன. நானும் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தவனுக்கு அவன் விரல் நகம்கூட ஊதாவாகத் தெரியும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை பரிசோதகர் பாங் வந்தார். ரப்பர் பூட்சும் தோள்பையுமாக ஆண்டுதோறும் வரும் நேர்மையான மனிதர். யார் வீட்டிலும் தண்ணீருக்கு மேல் எதையும் வாங்கிக் குடிக்கமாட்டார். காட்டின் விளிம்பில் நின்று பார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா இந்த வேல பாக்கறேன் யோங்சு. கருகல் பாத்திருக்கேன், எலச்சுருட்டு பாத்திருக்கேன். பூவே இல்லாத விதைக்காட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ஐயா…"

"போன வருஷம் ஊதா கலந்திருக்குன்னு தள்ளுனேன். இந்த வருஷம் பூவே இல்ல. நான் என்ன நெனைக்கணும்? நெறத்த மறைக்கணும்னு நெனைக்கறவந்தானே பூவக் கிள்ளுவான்?"

யோங்சுவின் காது சிவந்தது.  மனைவிக்குத் தெரியாது என்று சொன்னால் அவளை முட்டாளாக்க வேண்டும். சொல்லாவிட்டால் தான் திருடனாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவன் மண்கட்டி ஒன்றைக் காலால் நசுக்கிக்கொண்டு நின்றான்.

ஓக்புன் முன்னால் வந்தாள். "நான்தாங்க ஐயா கிள்ளுனேன். அவரு ஊர்லயே இல்ல. பூ போனா கிழங்கு பெருசா வரும்னு…"

"பெருசாவா?" பரிசோதகர் குழம்பிப் போனார். "விதைக்கிழங்கு எதுக்கும்மா பெருசாகணும்? கோழிமுட்ட அளவுக்கு இருந்தாத்தான் விதை. பெருத்துப் போனா நாங்களே ஒதுக்கிடுவோமே."

ஓக்புன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இதையும் அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"பிழை என்னுடையது" என்று நான் குறுக்கிட்டேன். "நான்தான் ஒரு கதை சொன்னேன்."

"கதையா? என்ன கத?"

சொன்னேன். அவர் பேனாவை மூடியபடி கவனமாகக் கேட்டார். முடிந்ததும், "அப்புறம் அந்தத் தங்கச்சி என்னதான் ஆனா?" என்றார்.

"அதோடு கதை முடிந்துவிடுகிறது."

"அரைவயித்தோடயா?" அவருக்கு அது பிடிக்கவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்தார்; எழுதப் போனவர் நிறுத்தினார். "வாத்தியாரய்யா சொன்னா நம்பறேன். ஆனா என் கண்ணுல படாதத நான் எழுத முடியாது. அடிக்கணுவுல மறுபடி மொட்டு விட வாய்ப்பிருக்கு. விடாமலும் போகலாம். பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன். பூ இருந்தா பாக்கறேன். இல்லேன்னா சாப்பாட்டுக் கிழங்குன்னு எழுதிட்டுப் போயிடுவேன். பட்டியல்ல இருந்து பேரும் போயிடும். கோவிச்சுக்காத."

அதன்பின் ஓயாத மழை. ஓடை பழுப்பாக ஓடியது. பூவைக் கிள்ளியவளே இப்போது பூவுக்காகக் காத்திருந்தாள். விடியும்போதே ஓக்புன் வைக்கோல் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு பாருக்குப் பார் குனிந்து போவதை என் சன்னலிலிருந்து பார்ப்பேன். சாம்பல் தூவினால் பூக்கும் என்று ஒருவர் சொன்னார். சாம்பல் பட்டால் பூ உதிரும் என்று அவருடைய மனைவி சொன்னாள். தொக்மான் அம்மா இரண்டையும் ஒப்புக்கொண்டாள்.

ஒருநாள் மதியம் அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கு உருண்டைச் சூப் குடிக்கப் போயிருந்தேன். ஓக்புன் துருவிய கிழங்கைப் பிழிந்து, மாவு படியக் காத்திருந்தபடி கேட்டாள்: "வாத்தியாரய்யா, நீங்க அந்தக் கதைல பூவ ஏன் கெட்டவளா வச்சீங்க?"

"கெட்டவளாக வைக்கவில்லையே."

"எனக்கு அப்படித்தான் கேட்டுது. மூணு நாளும் அவ மேல கோவத்தோடதான் கிள்ளுனேன்."

அறை மூலையில், அடியில் தீமூட்டிச் சூடாக்கிய தரையின் மீது, ஒரு நீலத் துணி துவைத்து விரிக்கப்பட்டிருந்தது. சுரங்கக் குடியிருப்புகளில் கட்டுச்சோற்றை நீலத்திலோ சிவப்பிலோதான் மூட்டை கட்டுவார்கள். மற்ற நிறம் ஆகாது. அவள் தந்தையின் சோற்றுப் பெட்டி திரும்பி வந்தபோது சுற்றியிருந்த துணி அது. சூப் வந்ததும் யோங்சு அதைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். 

ஆறாம் நாள் மொட்டு கண்டது. ஒன்பதாம் நாள் வெள்ளை வெள்ளையாக விரிந்தது. முதல்முறை போல் அடர்த்தியாக அல்ல, செடிக்கு ஒன்றிரண்டாக. நடுநடுவே ஊதாவும் விரிந்தது. யோங்சு ஒவ்வொன்றையும் களைக்கொத்தால் தோண்டி வேரோடு எடுத்தான். ஊதா பூத்த ஒரு செடியின் முன்னால் ஓக்புன் நின்று, "நீதானா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஆனால் பதினோராம் நாளும் இருநூறுக்கு மேற்பட்ட செடிகள் பூக்கவேயில்லை. அவை காடெங்கும் சிதறி நின்றன. தழை மட்டும் செழித்திருந்தது. உள்ளே இருப்பது வெள்ளையா ஊதாவா என்று வாய் திறக்கவில்லை.

"இதுல ஊதா எத்தனயோ" என்றான் யோங்சு. "நாளைக்கு அவரு வந்து நிக்கறப்ப ஒரு நாலஞ்சு ஊதா பூத்துட்டாக்கூடப் போதும், தள்ளிடுவாரு. அண்ணனுக்கு ஆள் அனுப்பிடட்டுமா?"

"பூக்காததையெல்லாம் அடையாளம் வைக்கலாம்" என்றாள் ஓக்புன். "வர்றவரு கண்ணுக்கு முன்னாடியே படட்டும். மறைக்கறோம்னு நெனைக்க மாட்டாருல்ல."

வைக்கோல் கட்டிப் பார்த்தார்கள். மழையில் நனைந்து இலையோடு இலையாக மறைந்தது. அவள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் நீலத் துணி இருந்தது. பல்லால் ஓரத்தைக் கடித்து, ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"ஏ, அது உங்கப்பாவோடது!"

"தெரியும்."

"எனக்குன்னுதான தொவச்சு வச்சிருந்த?"

"ஆமா."

"இத்தனையும் கிழிச்சிட்டா அப்புறம் சோறு எதுல கட்டுவ?"

"கட்ட மாட்டேன்" என்றாள். இன்னொரு இழுப்பு. சுண்டுவிரல் அகலக் கீற்றுகளாக அது அவள் மடியில் சேர்ந்தது. யோங்சு கீற்றுகளுக்குக் கையை நீட்டினான். இருவரும் ஆளுக்கொரு பாராக எடுத்துக்கொண்டு இருட்டும்வரை கட்டினார்கள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பரிசோதகர் பாங் நாற்பது பார்களையும் ஏறி இறங்கிப் பார்த்தார். பூத்ததில் ஊதா ஒன்றுகூட இல்லை. பிறகு நீலக் கீற்றுகளுக்கு முன் நின்றார்.

"இது?"

"பூக்காததுங்க ஐயா" என்றாள் ஓக்புன். "எங்களுக்கும் எதுன்னு தெரியல."

அவர் தாடையைச் சொறிந்தார். "கட்டாம விட்டிருந்தா நான் பாதிய கவனிச்சிருக்கவே மாட்டேன், தெரியுமா?"

யோங்சு மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புடுங்கிடுங்க. எல்லாத்தையும். என் முன்னாடியே. மிச்சத்துக்கு எழுதறேன்."

பரிசோதகர் பார்த்திருக்க, யோங்சுவும் ஓக்புனும் நானுமாகப் பிடுங்கினோம். தொக்மான் அம்மா அழையாமலே வந்து சேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு செடியும் மேலே வரும்போது கிழங்கின் நிறத்தை அவளே அறிவித்தாள். "வெள்ள. இதுவும் வெள்ள. ஐயோ, இதுவும் வெள்ளதான்! அட, இங்க பாரு, ஊதா!" இருநூறுக்கு மேல் பிடுங்கியதில் ஊதா மூன்று. மற்றவை அத்தனையும் மண்ணிலேயே விட்டிருந்தால் நல்ல விதையாகியிருக்கும். ஓக்புன் பதறவில்லை. கீற்றை அவிழ்ப்பதும், தண்டைப் பிடிப்பதும், இழுப்பதுமாக ஒரே சீராகப் போனாள்.

பாறைக்கு அருகே கடைசிச் செடி. அவள் கை வைத்தபோது பரிசோதகர், "இரும்மா" என்றார். கீழ்க்கணுவில் அரிசி அளவில் ஒரு மொட்டு. அதை நகத்தால் பிளந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெள்ளன்னு தோணுது. ஒனக்கு?"

"ஊதா ஓடற மாதிரி இருக்கே" என்றான் யோங்சு.

"பச்சதான் தெரியுது" என்றாள் தொக்மான் அம்மா.

என்னிடம் நீட்டினார். கண்ணாடியோடு பார்த்தேன், கண்ணாடி இல்லாமலும் பார்த்தேன். ஒருமுறை வெள்ளையாகவும் ஒருமுறை ஊதாவாகவும் தெரிந்தது. அப்படியே சொன்னேன்.

"வெள்ளதான்னு வச்சுக்குவோம். இந்த ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பரிசோதகர். அவர் சலுகை காட்டி நாங்கள் கண்டது அன்றுதான்.

ஓக்புன் அவரைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். ஈர மண் விட்டுக்கொடுத்தது. வேரில் தொங்கி வந்தவை ஐந்து வெள்ளைக் கிழங்குகள்; அன்று பிடுங்கியவற்றிலெல்லாம் பெரியவை, ஒவ்வொன்றும் முஷ்டி அளவு.

"பாத்தியா, பூ எடுத்ததாலதான் இவ்ளோ பெருசு" என்றாள் தொக்மான் அம்மா.

"மத்ததுலயும்தான எடுத்தாச்சு?" என்றான் யோங்சு.

"அப்ப மொட்டு விட்டதால."

 பரிசோதகர் காட்டின் மூலையில் எண் பொறித்த மரக்குச்சியை அடித்து இறக்கினார். விதைக்காடு நிலைத்தது. கிளம்பும்போது என்னிடம், "அந்தத் தங்கச்சிக்கு ஒரு முடிவு சொல்லுங்க வாத்தியாரய்யா. பாவமா இருக்கு" என்றார்.

செப்டம்பரில் அறுவடையானபோது சில பார்களில் கிழங்கு பெருத்திருந்தது, சிலவற்றில் சிறுத்திருந்தது. தொக்மான் அம்மா தான் கிள்ளிய மூன்று பார்களும் எவை என்பதில் மூன்று முறை மாறினாள். பூவை எடுப்பதால் விளைச்சல் கூடுமா குறையுமா என்று சோல்கோலில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் உறுதியாகச் சொல்வார்கள். அடுத்த வீட்டில் அதற்கு மாறாக உறுதியாகச் சொல்வார்கள். பிடுங்கிய இளங்கிழங்குகளை ஓக்புன் எங்கள் மலை வழக்கப்படி நீர்த்தாழியில் அழுகவிட்டு மாவெடுத்தாள். அதன் நாற்றம் இலையுதிர்காலம் முழுவதும் என் சன்னல்வரை வந்தது.

பரிசோதனை முடிந்த மறுநாள் காலை, யோங்சு மேல்சரிவுக்குக் களையெடுக்கப் புறப்பட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓக்புன் ஒரு கட்டுச்சோற்றை நீட்டினாள். பழைய விதைச் சாக்கின் ஒரு துண்டில் அது கட்டப்பட்டிருந்தது. சாக்கின் தூசி அதிலிருந்து உதிர்ந்தது.

"என்ன இது, மாட்டுக்குக் கட்டுன மாதிரி" என்றான் யோங்சு.

"வீட்ல வேற துணி இல்ல" என்றாள் அவள்.

அவன் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறினான்.